குரலிழந்தவர் கற்ற பாடம்

ஆடுவோருக்கு முழங்கால் நோவதும், பாடுவோருக்குத் தொண்டை கட்டுவதும் கலைக்குச் செலுத்தும் காணிக்கை என்று கருதுவோர் நம்மிடையே பலர். நோவைப் பொறுத்துக்கொண்டு ஆடும் மாணவியைச் சிரத்தையுள்ளவள் என மெச்சும் ஆசிரியரும் உளர். இக்கருத்துப் பிழையென்பது எமது துணிபு. பிழை மாத்திரமன்று, இளம்பிள்ளைகளின் உடலுக்குக் கேடு விளைப்பதுமாகும்.

இதன் தொடர்பில் ஒருவர் வரலாறு நினைக்கத்தக்கது. பிரெடெரிக் மத்தாயஸ் அலெக்சாண்டர் என்பார் 1869இல் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவிலே பிறந்தவர். சேக்ஸ்பியரின் நாடகப் பகுதிகளை அரங்கிலே ஓதுவதைத் தொழிலாகக் கொண்டவர். ஓதுங்கால் அவர் குரல் கம்மத் தொடங்கிற்று. வைத்தியர் மருந்தும் ஓய்வும் விதித்தனர். ஓய்ந்திருந்தால் குரல் மீளும். மேடையேறினால் மீண்டும் கம்மும். ஏறும்போது நன்றாயிருந்த குரல் இறங்கும்போது கெடுமாயின், கெடுப்பது ஓதும்போது தாம் செய்யும் ஏதோவொரு செயலே என அவர் உய்த்துணர்ந்தார்.

கண்ணாடி முன் நின்று ஓதினார். தலை பின்னோக்கி இழுபடுவதையும், குரல்வளை கீழே அமுங்குவதையும், மூச்சு வாய்வழியே ஓசையோடு உறிஞ்சப்படுவதையும் கண்டார். சாதாரணப் பேச்சிலும் இவை சிறிதளவு இருந்தன. பின்னர் மேலும் இரு கண்ணாடிகளை வைத்து நோக்கினார். அப்போது கண்டதே வியப்பு. தலையை முன்னே நிறுத்திவிட்டதாக அவர் உணர்ந்த வேளையிலும் அது பின்னேயே இழுபட்டிருந்தது! பிழைபட மனனஞ் செய்த செய்யுளைத் திருத்துவது எத்துணை அரிதென ஆசிரியர் அறிவர். நாவுக்குப் பிழையே சரியெனப் படும். உடலும் அத்தகையதே.

ஆதலின் அவர் மேலும் முயல்வதை விடுத்து, நிறுத்துவதைப் பழகினார். பேசும் எண்ணம் எழுந்தவுடன் பழைய வழக்கத்துக்கு இடங்கொடாது, கழுத்தை இறுக்காது விட்டு, அதன் பின்னரே வாய் திறந்தார். 1904இல் இலண்டன் சென்று, 1955இல் மறையும்வரை இதனைக் கற்பித்தார். இன்று இலண்டன் அரச இசைக் கல்லூரியிலும் நியூயோர்க் ஜூலியார்ட் கலைக்கூடத்திலும் இது பாடமாயுள்ளது.

வளி தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று எழுத்தாதலைத் தொல்காப்பியர் பிறப்பியலிலே வகுத்துரைத்தார். அச்சூத்திரத்தைப் பிள்ளைகளைக் கொண்டு ஒப்புவிக்கின்றோம். ஒப்புவிக்கும் பிள்ளையின் மிடறு எந்நிலையில் உள்ளதென நோக்குகின்றோமில்லை.

இது சர்வரோக நிவாரணியன்று. அறுந்த தசைநாருக்கு வைத்தியரே வேண்டும். 2008இல் பிரித்தானிய மருத்துவ இதழில் 579 பேர் பற்றிய ஆய்வொன்று வெளிவந்தது. 24 பாடங் கற்றோர், ஓராண்டின் பின், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரிலும் நான்கு கிழமைக்கு 18 நாள் குறைவாகவே முதுகுநோவுற்றனர். அவர்கள் கலைஞரல்லர்; பொதுமக்கள். ஆதலின் அதனை முதுகுநோவுக்குரிய சான்றாகவே கொள்ளல் தகும்.

எனினும் நோக்குதற்குச் சான்று வேண்டுவதில்லை. அரைமண்டியிலே இடுப்பிலிருந்து தொடை விரியாது பாதத்தை மாத்திரம் வலிந்து திருப்பும் சிறுமிக்கு முழங்கால் முறுக்குண்ணும். தட்டுக்கழியை ஒரு கணம் நிறுத்தி, முழங்கால் பாதத்துக்கு நேரே நிற்கின்றதா எனப் பார்க்க நடன ஆசிரியருக்கு எவ்வளவு நேரஞ் செல்லும்? நாற்பது பிள்ளைகளை அடக்கக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தும் நாமும் ஒருநாள் கண்ணாடி முன் நின்று கத்திப் பார்க்கலாம்.