திடலின் புல்லும் நீடித்த உழைப்பும்

சிராங்கூன் சாலைக்கு இணையாகச் செல்லும் ரேஸ் கோர்ஸ் சாலையின் பெயருக்குள் ஒரு புல்வெளியின் வரலாறு அடங்கியிருக்கிறது. 1842இல் இங்கே அமைந்த குதிரைப் பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயரும்வரை நிலைத்திருந்தது. 1911 மார்ச்சில் பெல்ஜிய விமானி ஜோசப் கிறிஸ்தியான்ஸ் சிங்கப்பூரின் முதல் விமானத்தைப் பறக்கவிட்டதும் இத்திடலிலிருந்துதான். அருகிலுள்ள பஃபலோ சாலையும், மலாயில் எருமை என்று பொருள்படும் கெர்பாவ் சாலையும், 19ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்தில் செழித்திருந்த மாட்டுத் தொழிலை நினைவூட்டுகின்றன. பந்தயக் குதிரைகளும் மேய்ச்சல் மாடுகளும் மறைந்தபின், அப்பந்தயத் திடல் இருந்த ஃபேரர் பார்க் முதல் தீவெங்கும் உள்ள காலி அரசு நிலங்கள் வரை, புல்லை அளவோடு வைத்திருக்கும் பொறுப்பு முழுவதும் இயந்திரங்களுக்கும் அவற்றை இயக்கும் ஊழியர்களுக்கும் வந்துசேர்ந்தது. அவ்வியந்திரங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது, கொள்முதல் அலுவலர்கள் விலைப்பட்டியலை மட்டும் பார்த்து முடித்துவிடக்கூடிய கேள்வியன்று.

சிங்கப்பூரின் புல் ஓய்வறியாதது. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சுமார் 170 மழை நாள்கள், பெரும்பாலான பிற்பகல்களில் 31 பாகைக்கு மேல் வெயில் என்னும் தட்பவெப்பத்தில், குளிர்நாடுகளில் உள்ளதுபோல் புல் உறங்கும் பருவம் என ஒன்று இங்கில்லை. திடல்களில் மிகுதியாகக் காணப்படுவது ‘கவ் கிராஸ்’ எனப்படும், தரையோடு ஓடிப் படரும் அகன்ற இலைப் புல். வீடமைப்புப் பேட்டைகளில் முதுகில் சுமக்கும் புல்வெட்டியே இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் பல ஏக்கர் பரந்து, மர வேர்களும் பழைய வண்டித்தடங்களும் மேடுபள்ளங்களும் நிறைந்த திடலில் அக்கருவி ஊழியரின் தோளையும் முதுகையும் நாள் முழுதும் வாட்டுகிறது. ஏறி அமர்ந்து ஓட்டும் இயந்திரத்தின் தேவை அங்கேதான் எழுகிறது.

அத்தகைய இயந்திரங்களுள் ‘ஜீரோ டர்ன்’ எனப்படுவது, நின்ற இடத்திலேயே முழுவட்டமாகத் திரும்பக்கூடியது. இதில் ஸ்டீயரிங் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு நெம்புகோல்கள் உள்ளன. பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனி எண்ணெய் அழுத்த மோட்டாரால் இயங்குகிறது. முன்சக்கரங்கள் நாற்காலிச் சக்கரங்களைப்போல் எப்பக்கமும் தாமாகத் திரும்பும். ஒரு நெம்புகோலை முன்னும் மற்றொன்றைப் பின்னும் தள்ளினால், இரு பின்சக்கரங்களுக்கு நடுவிலுள்ள புள்ளியை மையமாகக் கொண்டு வண்டி சுழலும். இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் துணி ஆலைக் கருவியிலிருந்து கருத்தெடுத்து 1830இல் முதல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் ரெகியர் 1960களில் ஜீரோ டர்ன் வண்டியை உருவாக்கினார். மரங்களையும் விளக்குக் கம்பங்களையும் ஒட்டி வளைந்து செல்ல வேண்டிய சிங்கப்பூர்த் திடல்களில், நின்ற இடத்திலேயே திரும்பும் இத்திறன் மிச்சப்படுத்தும் நேரம் கணிசமானது.

நீண்டகாலம் பழுதின்றிப் பயன்தரும் பொருளைத் தமிழர் ‘நன்றாக உழைக்கும்’ என்கின்றனர். அவ்வுழைப்பைத் தீர்மானிக்கும் உறுப்புகளுள் முதலாவது, பிளேடுகளை மூடியிருக்கும் ‘டெக்’ என்னும் இரும்புக் கூடு. ஒரே தகட்டை அச்சில் அழுத்தி வளைத்துச் செய்த டெக் இலேசானது, மலிவானது. சீரான வீட்டுத் தோட்டத்துக்கு அது போதும். கல்லும் வேரும் இடறும் கரட்டுத் திடலுக்கு, கனத்த தகடுகளை வெட்டிப் பற்றவைத்துச் செய்த டெக்கே ஏற்றது. தகட்டின் தடிமனைக் குறிக்கும் ‘கேஜ்’ எண் குறையக் குறையத் தடிமன் கூடும் என்பதை வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டும்: 10 கேஜ் சுமார் 3.4 மில்லிமீட்டர், 7 கேஜ் சுமார் 4.5 மில்லிமீட்டர். ஈரப்புல் டெக்கின் அடியில் அப்பிக்கொண்டு துருவை வளர்க்கும் இவ்வூரில், அந்த ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு பல ஆண்டு ஆயுளாகலாம்; ஆயினும் வேலை முடிந்ததும் அடிப்பகுதியைச் சுரண்டித் துடைக்கும் வழக்கம் இல்லையேல் எத்தகடும் தாங்காது.

பிளேடைத் தாங்கும் சுழல்தண்டான ‘ஸ்பிண்டில்’ அடுத்து ஆராயத்தக்கது. பிளேடு வேரில் மோதும்போது எழும் அதிர்ச்சி முழுவதையும் ஏற்பது அதுவே. அதன் கூடு வார்ப்பிரும்பாலானதா, பேரிங்குகளுக்குக் கிரீஸ் செலுத்த வழியுண்டா என்று பார்ப்பது நன்று. சக்கரங்களை ஓட்டும் எண்ணெய் அழுத்த அமைப்பிலும் தரவேறுபாடு உண்டு. வீட்டு உபயோக வண்டிகள் சிலவற்றில் அது மூடி முத்திரையிடப்பட்டிருப்பதால், பழைய எண்ணெயை எளிதில் வெளியேற்ற இயலாது. வெப்பத்தில் எண்ணெய் நீர்த்து அழுத்தம் குறையும் என்பதால், நாள் முழுதும் ஓடும் வண்டிக்கு எண்ணெயும் வடிகட்டியும் மாற்றத்தக்க, குளிர்விக்கும் விசிறியுடன் கூடிய அமைப்பு இன்றியமையாதது. எஞ்சினும் பெரும்பாலும் காற்றாலேயே குளிர்விக்கப்படுவது. புல்தூசி அதன் உலோகச் செதில்களை அடைத்துவிட்டால் அது சூடேறிப் பழுதாகும். ஆகவே பெரிய காற்று வடிகட்டியும், கருவியின்றி விரைவில் திறந்து துடைக்கத்தக்க மூடியும் குதிரைத்திறன் எண்ணைவிட முக்கியமானவை.

அகலமான டெக் வேலையை விரைவாக்கும் என்ற எண்ணம் சமதளத்துக்கே பொருந்தும். மேடுபள்ளத்தில் மிக அகன்ற டெக்கின் ஒரு விளிம்பு மேட்டைச் சீவி மண்ணை வெளிக்காட்ட, மறுவிளிம்பு பள்ளத்துப் புல்லைத் தொடாமலே கடக்கும். கரட்டுத் திடலுக்கு 48 முதல் 54 அங்குலம் வரையிலான அகலமும், டெக் தரையில் உரசாமல் காக்கும் சிறு உருளைகளும் பொருத்தமானவை. எடையும் கருதத்தக்கது: தொழில்முறை வண்டிகள் பல அரை டன்னையும் தாண்டுவதால், மழை ஓய்ந்த உடனே ஈரமண்ணில் இறக்கினால் சக்கரத் தடம் பதியும், அத்தடத்தில் நீர் தேங்கும், தேங்கிய நீர் கொசுவுக்கு இடமாகும். அகன்ற டயர்கள் இத்தீங்கைக் குறைக்கும். மண் ஆறும்வரை காத்திருப்பது அதனினும் நன்று.

எவ்வளவு உறுதியான ஜீரோ டர்ன் வண்டியும் ஈரச் சரிவில் நம்பத்தக்கதன்று. வண்டியை நிறுத்தும் ஆற்றல் முழுவதும் இரண்டு பின்சக்கரங்களிலேயே அடங்கியிருப்பதால், அவை வழுக்கத் தொடங்கியபின் தாமாகத் திரும்பும் முன்சக்கரங்களால் வண்டியை நிறுத்தவோ திசைதிருப்பவோ இயலாது. உற்பத்தியாளர்கள் பலர் 15 பாகைச் சரிவையே எல்லையாகக் குறிப்பிடுகின்றனர். ரோச்சோர் கால்வாய் போன்ற நீர்வழிகளின் ஓரத்திலும் தடுப்புச்சுவர் விளிம்பிலும் ஓர் அகன்ற பட்டையை இவ்வண்டிக்கு விலக்கப்பட்ட நிலமாக வைத்து, அதைக் கைக்கருவிக்கோ தொலைவிலிருந்து இயக்கும் சரிவுப் புல்வெட்டிக்கோ விடுவதே முறை. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவு நிமிர்ந்திருக்கும்போது இருக்கைப் பட்டையைக் கட்டாயம் அணிய வேண்டும். வளைவை மடக்கிய நிலையில் அணியலாகாது. ஏனெனில் அப்போது பட்டையே ஓட்டுநரைக் கவிழும் வண்டியோடு பிணைத்துவிடும். இவ்விதி ஊழியர் அறிந்த மொழியில் வண்டியிலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

இயந்திரத்தின் உழைப்பைக் கணக்கிடுவோர் பெரும்பாலும் மறந்துவிடுவது இருக்கையை. கரட்டுத் தரையின் ஒவ்வொரு குலுக்கலும் டெக்கைத் தாக்குவது போலவே ஓட்டுநரின் முதுகெலும்பையும் தாக்குகிறது. இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டு நெறிமுறையொன்றில், 8 மணி நேர வேலைநாளுக்கான உடல் அதிர்வின் அளவு 0.5 அலகைத் தாண்டினால் பாதுகாப்பு நடவடிக்கை தேவை என்றும், 1.15 அலகைத் தாண்டவே கூடாது என்றும் வரையறுத்தது. இங்கே அலகு என்பது விநாடியின் வர்க்கத்துக்கு ஒரு மீட்டர் என்னும் முடுக்கம். சுருள்வில் தாங்கும் இருக்கை கூடுதல் விலைக்குரிய சொகுசாகக் கருதப்பட்டு ஒப்பந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்படுமானால், மிச்சமான பணத்துக்கு ஈடாகத் தேய்வது ஒருவருடைய முதுகு.

எவ்வளவு புல்லை வெட்ட வேண்டும் என்ற கேள்வியையும் வாங்குவதற்கு முன்பே எழுப்ப வேண்டும். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நீடித்த கொவிட் முறியடிப்புக் காலத்தில் புல்வெட்டும் பணி தடைப்பட்டபோது, சாலையோரங்களில் காட்டுப்பூக்கள் மலர்ந்ததையும் வண்ணத்துப்பூச்சிகள் கூடியதையும் மக்கள் கண்டனர். மக்கள் நடமாடாத ஓரங்களை இயல்பாக வளரவிட்டால், எரிபொருளும் மிஞ்சும், வண்டியின் ஆயுளும் நீளும். வெட்டியே ஆகவேண்டிய உயர்ந்த புல்லை ஒரே ஓட்டத்தில் அடியோடு வெட்டாமல், முதலில் உயர்த்தியும் பின்னர் தாழ்த்தியும் இருமுறை வெட்டுவது பிளேடுகளைச் சுழற்றும் பெல்ட்டையும் எஞ்சினையும் காக்கும்.

பற்றவைத்த கனத்த டெக், பராமரிக்கத்தக்க எண்ணெய் அமைப்பு, அளவான அகலம், சுருள்வில் இருக்கை, கவிழ்வுக்காப்பு வளைவு, உள்ளூரிலேயே கையிருப்பில் கிடைக்கும் பெல்ட்டும் பேரிங்கும் ஆகிய இவ்வாறும் ஒருங்கே அமைந்த வண்டியே கரட்டுத் திடலுக்கு உரியது. இவற்றில் ஒன்றைக் கைவிட்டு விலையைக் குறைப்பது சிக்கனமாகாது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ரேஸ் கோர்ஸ் சாலையோரப் புல்தரையில் தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த ஊழியர்கள் அமர்ந்து ஊர்க்கதை பேசுகின்றனர். வார நாள்களில் தீவின் புல்லை வெட்டுவோரில் பலரும் அவர்களைப் போன்றவர்களே. இயந்திரம் பத்தாண்டு உழைக்க வேண்டும் என ஒப்பந்தத்தில் எழுதும் கை, அதை ஓட்டுபவரும் பத்தாண்டுக்குப்பின் முதுகு வலியின்றி ஊர் திரும்பவேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதட்டும்.