பெரும் பிடிலும் பெருவிலையும்

மேனாட்டு வாத்தியக் கோஷ்டியை மேடையிலோ படத்திலோ கண்டவர்கள், ஓரத்திலே ஆளுயரத்தையும் விஞ்சி நிற்கும் சில பெரும் பிடில்களைக் கவனித்திருப்பர். வாசிப்போர் அவற்றைத் தோளிலே வைப்பதில்லை. நின்றவாறோ, உயர்ந்த ஆசனமொன்றிற் பாதி அமர்ந்தவாறோ, வளர்ந்த பிள்ளையைத் தழுவுவதுபோல் அணைத்துக்கொண்டு வாசிப்பர். டபிள் பேஸ் எனப்படுவது இதுவே. கோஷ்டியிலே இதன் நாதத்தைத் தனியே பிரித்துக் கேட்போர் மிகச் சிலர். ஆயினும் இது நின்றுவிட்டால், அத்திவாரம் சரிந்த வீடுபோல முழு இசையும் ஆட்டங்காணும். ஏறத்தாழ 6 அடி உயரமும் 10 கிலோ பாரமுமுள்ள இந்த மரவாத்தியத்துக்கு ஒரு வீட்டின் விலையைக் கொடுப்போரும் உலகில் உளர். அவர்கள் கொடுப்பது நாதத்தின் விலையோ பெயரின் விலையோ என்பதே இவ்வாரம் நாம் ஆராயப் புகும் விஷயம்.

முதலிலே உடலமைப்பைச் சிறிது பார்ப்போம். மேனாட்டு முறையிற் சுருதி சேர்த்த பிடிலின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு 196 முறை அதிரும். டபிள் பேஸின் மிகத் தாழ்ந்த தந்தியோ ஏறத்தாழ 41 முறை அதிரும். கணக்கிலே பிரியமுள்ள மாணவர் முன்னதைப் பின்னதால் வகுத்துப் பார்க்கலாம். பிடிலின் உடல் 14 அங்குலம். அதை அதே விகிதத்திற் பெருப்பித்தால் டபிள் பேஸின் உடல் மாத்திரம் 67 அங்குலமாகிவிடும். கழுத்தையும் தலையையும் சேர்த்தால் அதை அணைத்து வாசிக்கக் கும்பகர்ணனைத்தான் எழுப்பவேண்டும்! 1850ஆம் ஆண்டளவிலே பாரிஸ் நகரத்து வியோம் என்னும் புகழ்பெற்ற கைவினைஞர் 'ஒக்டோபாஸ்' என்றொரு வாத்தியத்தைச் செய்தார். அதன் உயரம் 11 அடிக்கும் மேல். தந்திகளை விரலால் அழுத்த இயலாமையால், நெம்புகோல்களையும் காலால் மிதிக்கும் கட்டைகளையும் பொருத்தினார். அது நூதனசாலைக்கு அணியாயிற்று, வழக்கிலே நிலைக்கவில்லை.

ஆகவே மனிதனுடைய கையின் நீளத்துக்கும் நாதத்தின் ஆழத்துக்கும் இடையே ஓர் உடன்படிக்கையாக, உடல் ஏறத்தாழ 44 அங்குலம், அதிரும் தந்தி ஏறத்தாழ 42 அங்குலம் என்ற அளவிலே இக்கருவி நின்றது. அவ்வுடன்படிக்கையும் எல்லோரும் ஒருமுகமாய் ஒப்புக்கொண்டதன்று. பிடிலின் வடிவம் 1737இல் ஸ்ட்ராடிவாரி கண்மூடுமுன்பே உறுதிப்பட்டுவிட்டது. டபிள் பேஸோ இன்றுவரை கைவினைஞனின் மனம்போல் மாறிவருகின்றது. தோள் சரிந்தது, தோள் அகன்றது. முதுகு தட்டையானது, முதுகு குவிந்தது. மூன்று தந்தி, நான்கு தந்தி, ஐந்து தந்தி. இதனால் நேர்ந்த விபரீதம் ஒன்றுண்டு. பழங்காலத்தார் செய்த மிகப் பெரிய கருவிகளைப் பிற்காலத்து வாசிப்போர் கையாள இயலாமையால், மரவேலைக்காரரிடம் கொடுத்துத் தோளையும் இடுப்பையும் அறுத்துச் சிறிதாக்குவித்தனர். கழுத்தை மாற்றினர், சிலவற்றின் தலையையே மாற்றினர். எனவே 'மூன்று நூற்றாண்டுப் பழைமையுடையது' என்று விற்கப்படும் டபிள் பேஸிலே மூன்று நூற்றாண்டுப் பழைமையுடைய பாகம் எது என்று கேட்பது நியாயமான கேள்வியே.

இக்கருவிமேற் கொண்ட ஆசைக்குச் சான்றாக நிற்போர் இருவர். முதல்வர் வெனிஸ் நகரத்துத் தொமெனிக்கோ திராகொனெற்றி (1763-1846). சென் மார்க் தேவாலயத்தின் வாத்தியக் கோஷ்டியிலிருந்து புறப்பட்டு 1794இல் இலண்டன் சென்று, அங்கேயே புகழும் பொருளும் ஈட்டியவர். 1799இல் வியன்னாவிலே பேத்தோவனைச் சந்தித்து, அவர் செலோவுக்கென எழுதிய சொனாட்டா ஒன்றைத் தமது பேஸிலே, அவரே பியானோ வாசிக்க, வாசித்துக் காட்டினார். பொம்மைகள் சேர்ப்பதிலும் இம்மனிதருக்கு ஒரு பித்து; ஆனால் அதனினும் பெரிய பித்து வாத்தியங்களிலே. விசென்சா நகரத்துச் சென் பீற்றர் மடத்திலிருந்து அவருக்குக் கிடைத்த ஒரு பேஸ், 1609இற் காலமான காஸ்பரோ த சாலோ செய்தது. அதை ஆயுள் முழுவதும் போற்றி, இறக்குங்காலத்திலே சென் மார்க் தேவாலயத்துக்கே எழுதிவைத்தார்.

மற்றவர் ஜியொவானி பொற்றெசினி (1821-1889). ஏழைப் பிள்ளை. மிலான் இசைக்கழகத்திலே பசூனுக்கும் டபிள் பேஸுக்கும் மாத்திரம் இடமிருந்தமையால், சில வாரப் பயிற்சியோடு பேஸ் மாணவரானார். இடத்துக்காக எடுத்த கருவியே பின்னர் அவர் வாழ்வாயிற்று. டெஸ்தோரே குடும்பத்தார் 1716இற் செய்த பேஸ் ஒன்று மிலானிலே ஒரு பாவைக்கூத்து அரங்கின் பின்புறத்திற் கவனிப்பாரற்றுக் கிடந்ததென்றும், அதையே இவர் 900 லீராவுக்கு வாங்கினாரென்றும் கூறுவர். வாசிப்புக்குப் பரிசாகக் கிடைத்த பணமும் அதற்கு உதவிற்றாம். பின்னாளிலே 1871இல் கைரோவில் வேர்டியின் 'அயீடா' இசைநாடகம் அரங்கேறியபோது கோஷ்டியை நடத்தியவரும் இவரே. என் மனத்தைக் கவர்வது மாணவனாயிருந்தபோது அவர் செய்த அந்த வாணிகந்தான். தூசு படிந்து கிடந்த கருவியிலே நாதத்தை மதித்து வாங்கினார். பொற்றெசினியின் பேஸ் என்ற பெருமை அதற்குப் பிற்பாடு சேர்ந்தது.

இனி விலைக்கு வருவோம். ஒட்டுப்பலகையை வளைத்துத் தொழிற்சாலையிற் செய்த பேஸ் மாணவருக்குரியது. சில ஆயிரம் டொலருக்குள் அடங்கும். ஈரத்தையும் இடியையும் பொறுத்துக்கொள்ளும். மேற்பலகை ஸ்புரூஸ் மரத்திலும், முதுகும் பக்கங்களும் மேப்பிள் மரத்திலும், முழுவதும் கையாற் செதுக்கிய புதிய கருவி, தேர்ந்த கைவினைஞரிடம் 20,000, 30,000 டொலர் என்று ஏறும். விரற்பலகை கருங்காலி, ஒருகாலத்தில் மேனாட்டார் இலங்கைக் கருங்காலியையும் விரும்பி வாங்கியதுண்டு. இவற்றுக்கு மேலே, பழைய இத்தாலியப் பெயர் பொறித்தவை இலட்சக்கணக்கான டொலருக்குக் கைமாறும். இந்த மேல்மாடியிலேதான் பெயர் என்பது மரத்தினும் கனமாகின்றது.

பெயரை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ரஷ்யாவிற் பிறந்த சேர்ஜ் குசெவிற்ஸ்கி, பின்னர் 1924 முதல் 1949 வரை அமெரிக்காவிலே பொஸ்டன் கோஷ்டியை நடத்திப் பெரும்பேர் பெற்றவர், இளமையிலே டபிள் பேஸ் வித்துவான். அவர் வைத்திருந்த கருவி, கிரெமோனா நகரத்து அமாட்டி சகோதரர் 1611இற் செய்தது என்று உலகம் நம்பிற்று. அவர் 1951இற் காலமானார். 1962இலே நியூயோர்க்கில் கரி கார் என்னும் இளைஞரின் கச்சேரியைக் கேட்ட அவருடைய மனைவியார், அக்கருவியை அவ்விளைஞருக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். கார் அதை உலகெங்கும் கொண்டுசென்று, தனிக்கச்சேரி செய்யத்தக்க வாத்தியம் டபிள் பேஸ் என்பதை நிலைநாட்டினார்.

பின்னர் மரவளைய ஆராய்ச்சியாளர் அதன் மேற்பலகையைப் பரிசோதித்தனர். குளிர்நாட்டு மரம் ஆண்டுக்கொரு வளையம் இடும். நல்ல ஆண்டில் அகன்ற வளையம், கொடிய ஆண்டில் ஒடுங்கிய வளையம். அவ்வரிசையை, அல்ப்ஸ் மலை மரங்களிலிருந்து முன்னரே தொகுத்துவைத்த வரிசையோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு வளையத்துக்கும் ஆண்டு சொல்லிவிடலாம். 2005இல் வெளியான முடிவு: அப்பலகையின் வளையங்கள் 1445இலிருந்து 1761வரை உள்ளவை. 1761ஆம் ஆண்டிலும் மலையிலே நின்று வளர்ந்த மரத்தை 1611இலே வெட்டிச் செதுக்குவது அமாட்டி சகோதரராலும் ஆகாது. அக்கருவி பிரெஞ்சுக் கைவேலை என்ற கருத்தே பின்னர் வலுப்பெற்றது. காரும் மனங்கோணவில்லை, பேஸ் வாசிப்போரின் சர்வதேச சங்கத்துக்கு அதை வழங்கிவிட்டார்.

இங்கே வாசகர் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். முடிவு வெளியாவதற்கு முதல்நாள் எந்த நாதம் எழுந்ததோ, மறுநாளும் அதே நாதந்தான் எழுந்தது. மரம் ஒரு மயிரிழையும் மாறவில்லை. சந்தை மதிப்போ ஒரே நாளில் வேறாயிற்று. பிடில் விஷயத்திலும் இத்தகைய சோதனை நடந்துள்ளது. 2010இலே அமெரிக்காவில் 21 வித்துவான்களின் கண்ணை மறைத்து, பழைய இத்தாலியப் பிடில்களையும் புதியவற்றையும் வாசிக்கச் செய்தபோது, அவர்களுட் பெரும்பாலோர் பழையது எது, புதியது எது என்று பிரித்தறிய இயலாது நின்றனர். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி!

எனினும் பெயருக்கு விலை கொடுப்போரைப் பேதையர் என்று தள்ளிவிட நான் துணியேன். கோஷ்டியிற் சம்பளத்துக்கு வாசிப்பவர் கடன்பட்டு வாங்கிய கருவியை ஓய்வுபெறும் நாளிலே விற்றுத்தான் முதுமையைக் கழிக்கவேண்டியிருக்கும். மெய்யான உறுதிப்பத்திரத்தோடு கூடிய பெயர் அவருக்கு வங்கிக் கணக்கைப்போன்றது. அவர் அஞ்சவேண்டியது பொய்ப்பத்திரத்துக்கே. உடலினுள்ளே ஒட்டப்பட்ட பழுப்புநிறச் சீட்டை எவரும் அச்சடிக்கலாம். தொழிற்சாலைப் பிடில்களிலும் ஸ்ட்ராடிவாரியின் பெயர்ச்சீட்டை ஒட்டி ஆயிரக்கணக்கில் விற்றதை உலகம் அறியும்.

ஆதலால் விஷயமறிந்தோர் கடையிலே பெயரைக் கேட்பதைப் பிந்திவைப்பர். ஒரே பாடத்தை ஒவ்வொரு கருவியிலும் ஒரே வில்லால் வாசிப்பர். டபிள் பேஸின் நாதம் அணைத்து நிற்பவர் காதுக்கு ஒருவிதமாகவும், தூர நிற்பவர் காதுக்கு வேறுவிதமாகவும் கேட்கும். எனவே நம்பிக்கையான நண்பர் ஒருவரை மண்டபத்தின் மறுகோடியில் நிறுத்துவது அவசியம். ஒவ்வொரு தந்தியிலும் ஒரு ஸ்தானம் விடாமல் ஏறிப் பார்ப்பர். சில இடங்களிலே நாதம் நடுங்கிக் கரகரக்கும். மேனாட்டார் அதை 'ஓநாய்' என்பர். எந்தப் பேஸிலும் ஓர் ஓநாய் இருக்கும். அது அடிக்கடி வாசிக்கும் ஸ்தானத்தில் இருக்கின்றதா என்பதே வினா. பின்பு வெடிப்புகள். இவ்வளவு அகன்ற மெல்லிய பலகை நூறாண்டு வெடிக்காமலிருப்பது அருமை. செம்மையாக ஒட்டிய வெடிப்புக்கு அஞ்சவேண்டியதில்லை. மேற்பலகைக்கும் முதுகுக்கும் இடையே, குதிரையின் ஒரு காலுக்கு அண்மையில், ஒட்டப்படாமல் இறுகி நிற்கும் சிறு மரத்தூண் ஒன்றுண்டு. இத்தாலியர் அதை 'ஆன்மா' என்ற சொல்லாலேயே வழங்குவர். அதைச் சிறிது நகர்த்தினாலும் நாதம் வேறாகும். அந்த ஆன்மா அழுத்துமிடத்திலே வெடிப்பிருந்தால் விலை வெகுவாகக் குறையவேண்டும். அதைக் கடைக்காரர் தாமாகச் சொல்லக் காத்திராமல், விளக்கை உள்ளே விட்டுப் பார்ப்பது உத்தமம்.

நல்ல கடைகள் ஒரு வாரமளவிற்குக் கருவியை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதுண்டு. அந்த வாரத்தைப் பயன்படுத்தாதவர் பணத்தை வீசியெறிபவரே. வில்லின் செலவு தனி. பிரெஞ்சு வில், ஜேர்மன் வில் என அதிலும் இரு சாதி. பிடிக்கும் முறையே வேறு. உயர்ந்த வில்லுக்குரிய பெர்னம்புக்கோ மரம் பிரேசிலிற் குன்றிவருவதால், 2007 முதல் அதன் சர்வதேச வாணிகம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுள்ளது. விமானப் பிரயாணம் செய்வோருக்கெனக் கழுத்தைக் கழற்றிப் பூட்டக்கூடிய பேஸ்களும் வந்துள்ளன. மற்றையோர், விலை பேசி முடிப்பதன்முன், வீட்டு வாயிலையும் மாடிப்படித் திருப்பத்தையும் தங்கள் மோட்டார் வண்டியின் உட்புறத்தையும் அளந்துகொண்டு போவது நன்று.