கப்பலிலும் ஒரு சேரி

கேபின் என்றால் ஊர். டெக் என்றால் சேரி. நிலத்தில் வாய்க்காலும் வரப்பும் வைத்துப் பிரித்ததைக் கப்பலில் இரும்புப் படிக்கட்டு வைத்துப் பிரித்தார்கள். கடல் எல்லோருக்கும் பொது என்று பாட்டெழுதலாம். கப்பல் பொதுவாக இருந்ததே இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் சுற்றுலாவைத் தமிழக அரசே தொடங்கி வைத்தது. நீச்சல் குளம், ஆட்டம் பாட்டு, பல மாடிகள் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாய் எழுதின. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். மறுபடி நாகையில் கப்பல் வந்துவிட்டது என்று நம்ம பிள்ளைகளும் சந்தோசப்பட்டார்கள். சந்தோசப்படட்டும். ஆனால் நாகையில் முன்னே ஏறிப்போனவர்கள் யார், எப்படிப் போனார்கள் என்று யாரும் பேசவில்லை. பேச வேண்டியது நாம்தான்.

கீழத்தஞ்சையில் கப்பல் என்றால் கிழவர்களுக்கு ஒரே பேர்தான்: ரஜூலா. நாகூர்ப் பக்கம் சபுராளிகள் வீடுகளில் அது செண்டும் சீலையும் கொண்டுவந்த கப்பல். எங்கள் சேரிகளில் அது ஆட்களைக் கொண்டுபோன கப்பல். அதற்கு முன்னும் கப்பல்கள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். மலேயாவில் 1910-இல் ஒப்பந்தக்கூலி முறை ஒழிந்தபின் கங்காணி முறை நடந்தது. பயிற்சியற்ற கூலிகளை மலேயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடுக்கும் வரைக்கும் அது ஓடியது. போனவர்களில் பெரும் பங்கு நம் சனங்கள்.

ஏன் போனார்கள்? பஞ்சம் என்பார்கள், மழை பொய்த்தது என்பார்கள். காவிரி பாயும் தஞ்சையில் நெல் விளையாமலா போச்சு? விளைந்த நெல் யார் களஞ்சியத்துக்குப் போனது என்பதுதான் கேள்வி. பண்ணையாளாய்ப் பிறந்தவன் பண்ணையாளாய்ச் சாக வேண்டும். எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, சாணிப்பால். அந்தக் கொடுமையை நிறுத்துவதாக மிராசுதார்கள் கையெழுத்துப் போட 1944 மன்னார்குடி ஒப்பந்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் செங்கொடிச் சங்கம் போராடி வாங்கியது. அதற்கு முன் ராத்திரியோடு ராத்திரியாய்ப் பண்ணையை விட்டு ஓடியவனுக்கு இருந்த வழிகளில் ஒன்று நாகப்பட்டினம் டிப்போ.

"கடல் தாண்டினால் சாதி போய்விடும்" என்று சாஸ்திரக்காரர்கள் பயந்தார்கள். நம்ம ஆளுக்கு என்ன பயம்? சாதி போகட்டும் என்றுதானே அவன் கப்பல் ஏறினான்!

ஆனால் போனதா? 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் தமிழ்க் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போனது. அதன் பயணிகள் பதிவேட்டில் பேர், வயசு, ஊர் இவற்றோடு சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. நடுக்கடலிலும் வெள்ளைக்காரன் நோட்டில் சாதி பத்திரமாய் இருந்தது. கல்கத்தாவிலிருந்து போனவர்கள் ஒரே கப்பலில் வந்தவனை 'ஜஹாஜி பாய்', கப்பல் சகோதரன் என்று உறவு கொண்டாடினார்கள். பசியும் வாந்தியும் பக்கத்துப் பாயில் படுத்தவனை அண்ணன் தம்பி ஆக்கியது. அந்த உறவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதை மனுசங்க உண்டாக்கினார்கள். கம்பெனி உண்டாக்கியது வேறு.

கம்பெனி உண்டாக்கியது என்ன? ரஜூலாவையே எடுத்துக்கொள்வோம். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. எட்டாயிரம் டன்னுக்கு மேல். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்குச் சொந்தம். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. கேபினில் சில நூறு பேருக்குள்தான் இடம். டெக்கில் ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்ற உரிமம் கொடுத்திருந்தார்கள்! பிற்பாடுதான் அந்த எண்ணிக்கையைக் குறைத்தார்கள்.

நாகையில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சலங்கில் ஏற்றி, அலையில் தூக்கிப் போட்டு, கப்பல் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பெண்டுபிள்ளைகள் அலறிக்கொண்டே ஏறுவார்கள். ஏறினதும் டெக்கில் பாய் விரித்த இடம்தான் வீடு. தகரப்பெட்டிதான் சுவர். மழை வந்தாலும் வாந்தி வந்தாலும் அங்கேதான். ஏறக்குறைய ஒரு வாரம். இறங்கினதும் விட்டுவிடுவார்களா? பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜா தீவில் நோய்த்தடுப்பு முகாம். கூலியாய் வந்தவனை அங்கே அடைத்து வைத்துப் பரிசோதித்துத்தான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். தீண்டாமைக்கு அங்கே டாக்டர் சட்டை போட்டிருந்தார்கள்.

இதே கம்பெனி 1914-லேயே பி அண்ட் ஓ என்ற பெரிய கம்பெனியோடு சேர்ந்துவிட்டது. அந்த பி அண்ட் ஓ 1929-இல் 'வைஸ்ராய் ஆஃப் இந்தியா' என்ற கப்பலை விட்டது. உள்ளேயே நீச்சல் குளம் கட்டின கப்பல் அது. 1930 அக்டோபரில் அண்ணல் அம்பேத்கர் வட்டமேசை மாநாட்டுக்குப் பம்பாயிலிருந்து போனது அதில்தான். தீண்டப்படாதவன் தண்ணீர் தொட மகத் குளத்தில் போராடி மூன்று வருசம்தான் ஆகியிருந்தது. ஒரே முதலாளிக்குச் சொந்தமான இரண்டு கப்பல்கள். ஒன்றில் குளிக்கக் குளம். இன்னொன்றில் படுக்க ஆளுக்கு ஒரு பாய் அளவு இரும்புத் தரை. அந்தக் குளத்துக்கான காசு டெக் டிக்கெட்டிலிருந்தும் போயிருக்கும் என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் யோசிக்கட்டும்.

சொகுசு போகட்டும். உயிருக்காவது ஒரே விலை இருந்ததா?

1912-இல் டைட்டானிக் மூழ்கியது. முதல் வகுப்பில் போனவர்களில் பாதிக்கு மேல் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் சுமார் நாலில் ஒருத்தர்தான். செத்தவர்களில் பெரும் பணக்காரர்களும் இருந்ததால் உலகம் அழுதது. 1914-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கு என்று சர்வதேச உடன்படிக்கை எழுதினார்கள். 1929-இல் அதைத் திருத்தி எழுதினார்கள். உயிர்காப்புப் படகு, தடுப்புச் சுவர், கம்பியில்லாத் தந்தி என்று எல்லாம் விதியானது. நல்லது.

அதே 1929 உடன்படிக்கையில் ஒரு சந்து வைத்தார்கள். படுக்கை இல்லாத பயணிகளைப் பெருங்கூட்டமாய் ஏற்றும் கப்பல்களுக்கு, அதாவது ஹஜ் யாத்திரைக் கப்பல், நம்ம டெக் கப்பல் மாதிரியானவற்றுக்கு, முழு விதிகளிலிருந்து விலக்குத் தரலாம். அதற்கென்று தனி விதிகள் 1931-இல் சிம்லாவில் எழுதப்பட்டன. 'சிம்லா விதிகள்' என்றே அவற்றுக்குப் பேர். மலையில் குளிர்காய உட்கார்ந்தவர்கள் கடலில் போகிறவனுக்கு எவ்வளவு பாதுகாப்புப் போதும் என்று தீர்மானித்தார்கள். முழுப் பாதுகாப்புக் கொடுத்தால் கட்டணம் கூடும், ஏழைகள் போக முடியாது என்பது இப்படிப்பட்ட விலக்குகளுக்கு எப்போதும் சொல்லப்படும் நியாயம். இந்த நியாயத்தை எங்கோ கேட்ட மாதிரி இல்லை? கூலியைக் கூட்டினால் விவசாயம் நசிந்துவிடும் என்று மிராசுதார் சொல்வது இதுதான். கையுறை கேட்டால் வேலையே போய்விடும் என்று சாக்கடை அள்ளுகிறவனிடம் சொல்வதும் இதுதான். ஏழைமேல் இரக்கம் காட்டித்தான் அவன் உயிரின் விலையைக் குறைக்கிறார்கள்.

இரண்டாம் உலகப்போரில் இதே சென்னை–நாகை–சிங்கப்பூர் வழியில் ஓடின 'ரோனா' கப்பலைப் படைகளை ஏற்றப் பிடித்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26-இல் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் குண்டு விழுந்து மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். அவர்களோடு கப்பலில் வேலை பார்த்த இந்திய லஸ்கர்களும் செத்தார்கள். சிப்பாய்களின் பேரை அவர்கள் நாட்டில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். லஸ்கர் பேரை நம்ம நாட்டில் எந்தப் பள்ளிப்பிள்ளைக்குத் தெரியும்?

சுதந்திரம் வந்த பிறகு? ரஜூலா எழுபதுகளின் தொடக்கத்தில் ஓய்ந்தது. அதன் இடத்தில் அரசுக் கம்பெனியின் 'சிதம்பரம்' ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் மாண்டார்கள். கொடி மாறியது; மலிவு டிக்கெட்காரன் கதி மாறவில்லை.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். எங்கள் தெருப் பையன் ஒருத்தன், ஐ.டி.ஐ. முடித்தவன், சொகுசுக் கப்பலில் வேலை என்று ஓர் ஏஜெண்டிடம் பணம் கட்டினான். அம்மா தாலிச்சங்கிலியும் ரெண்டு மாடும் போனது. போய்ச் சேர்ந்தது துருப்பிடித்த சரக்குக் கப்பல். சம்பளம் இல்லை, முதலாளி யார் என்றே தெரியாது. திரும்பி வந்து "உசுரு மட்டும் மிச்சம்ணே" என்றான். அவன் ஒருத்தன் இல்லை. 2024-இல் உலகம் முழுக்க முதலாளிகள் கைவிட்ட கப்பல்களில் சிக்கின மாலுமிகளில் இந்தியர்களே அதிகம் என்று சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்குச் சொன்னது.

ஆகவே மாணவத் தோழர்களே, இதை மனப்பாடம் செய்து சேரிதோறும் சொல்லுங்கள். 2006-ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி வேலை வாங்கித் தர மாலுமியிடம் கமிஷன் வாங்கக் கூடாது. நாளைக்குக் குறைந்தது 10 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டிடம் கப்பல்துறைத் தலைமை இயக்குநரகம் கொடுத்த ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள், இயக்குநரகத்தில் சரிபாருங்கள். எண் சொல்லாதவனுக்குப் பத்துக் காசு கொடுக்காதீர்கள்.

அரசிடம் நாம் கேட்பது இரண்டு. நாகையிலிருந்து போன கூலிகளின் பதிவேடுகளை, சாதிக் கட்டம் உட்பட, ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்துத் தமிழில் அச்சிட வேண்டும். அந்தப் பேர்களைத் தாங்கிய ஒரு நினைவுச்சின்னம் நாகைத் துறைமுகத்தில், புதுக் கப்பல் ஏறுகிற எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் நிற்க வேண்டும்.

அந்தத் துறைமுகத்திலிருந்து வெண்மணி ரொம்பத் தூரமில்லை. கப்பல் ஏறாமல் நின்று கூலி உயர்வு கேட்டவர்களில் 44 பேரை 1968 டிசம்பர் 25-இல் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். போனவனும் நின்றவனும் கேட்டது உயிருக்கு ஒரே விலை. கரையில் அதை வாங்காமல் கடலில் கிடைக்காது.