வில்லைப் பார்க்காதீர்கள், விசிலைக் கவனியுங்கள்



கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை வில்வித்தைப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக அனுப்புங்கள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஷீத்தல் தேவி காலால் வில்லைப் பிடித்து அம்பு எய்து வெண்கலம் வென்றதைப் பார்த்த பிள்ளைகளுக்கு ஆசை வரத்தானே செய்யும்!

ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் அந்த மைதானத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். கோச் வாங்கிய மெடல்களையும் வில்லின் விலையையும் அப்புறம் விசாரிக்கலாம். விசில் யார் கையில் இருக்கிறது, அதற்கு எல்லோரும் கட்டுப்படுகிறார்களா என்பதை முதலில் பாருங்கள்.

சர்வதேசப் போட்டிகளில் ஒலி சமிக்ஞைக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு முறை ஒலித்தால் எய்பவர்கள் கோட்டுக்கு வரலாம். ஒரு முறை ஒலித்தால் எய்யத் தொடங்கலாம். மூன்று முறை ஒலித்தால் எய்வதை நிறுத்திவிட்டு, அம்பு எடுக்க எல்லோரும் சேர்ந்து போகலாம். ஐந்து முறையோ அதற்கு மேலோ ஒலித்தால் ஆபத்து என்று பொருள். நாணை இழுத்து நிற்பவரும் அம்பை விடாமல், நாணை மெதுவாகத் தளர்த்தி இறக்கிவிட வேண்டும். இந்தக் கணக்கை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ஒரே நாளில் கற்றுக்கொள்ளும்.

குறி தவறுவதுதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். குறி தவறும் அம்பைத் தடுக்க இலக்குக்குப் பின்னால் சுவரோ, மண் மேடோ, வலையோ இருந்தால் போதும். அந்தப் பக்கம் நடைபாதை இருக்கவே கூடாது. அதைவிடப் பெரிய ஆபத்து அவசரம். ஒருவன் இன்னும் எய்துகொண்டிருக்கும்போது, கீழே விழுந்த தன் அம்பை எடுக்க இன்னொருவன் கோட்டைத் தாண்டுவான். அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை விதிகளும்.

கோட்டில் நிற்காதவன் நாணில் அம்பைப் பூட்டக் கூடாது. காத்திருப்பவர்கள் கோட்டுக்கு ஐந்து மீட்டராவது பின்னால் இருக்க வேண்டும். அம்பு எடுக்க நடந்துதான் போக வேண்டும், ஓடக் கூடாது. இலக்கில் குத்தி நிற்கும் அம்பின் பின்முனை கண்ணில் குத்திவிடும். அம்பைப் பிடுங்கும்போது அது சட்டென்று வெளியே வரும் என்பதால், பிடுங்குபவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடுவதும் கூடாது, வில்லே உடைந்துபோகும். துப்பட்டா, நீண்ட சங்கிலி, விரித்த கூந்தல் எல்லாவற்றையும் கட்டிக்கொள்ள வேண்டும்.

“சின்னப் பிள்ளைங்க வில்லுதானே சார், இதுக்குப் போய் இவ்வளவா?” என்பீர்கள். 2020 ஜனவரியில் அசாமின் திப்ரூகர் மாவட்டத்தில் பயிற்சி நேரத்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தருகே அம்பு பாய்ந்தது. விமானத்தில் டெல்லி எய்ம்ஸுக்குக் கொண்டுபோய் அறுவைச் சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள்.

என் கருத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. ஆபத்தைப் பார்த்தால் “நிறுத்து” என்று கத்தும் உரிமை கோச்சுக்கு மட்டும் அல்ல, அங்கே இருக்கும் மிகச் சிறிய பிள்ளைக்கும் வேண்டும். பெரியவர்களுக்குக் குறுக்கே பேசாதே என்றுதான் நம் வீடுகளில் சொல்லி வளர்க்கிறோம். வில் மைதானத்தில் அந்தப் பழக்கம் உதவாது. தவறாகக் கத்தினாலும் அந்தப் பிள்ளையைத் திட்டக் கூடாது. ஒரு முறை திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது.

கோச்சிடம் இதையெல்லாம் மரியாதையாகக் கேளுங்கள். நல்ல கோச் என்றால் சந்தோஷமாக விளக்குவார். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்” என்று சிரித்தால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அடுத்த கோடையில் வேறு இடம் கிடைக்கும்.

உங்களில் உடற்கல்வி ஆசிரியர்களாக இருப்பவர்கள் இதில் விடுபட்டதைக் கீழே எழுதுங்கள். நானும் கற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்