சம்பளத்துக்கு மட்டும் உச்சவரம்பு

ஹாக்கி என்றதும் தன்ராஜ் பிள்ளை நினைவுக்கு வருபவர்கள் ஒரு நிமிடம் பொறுக்கவும். இது அந்த ஹாக்கி இல்லை. காலில் ஸ்கேட் கட்டிக்கொண்டு, ஐஸ் தரையில் ஆளை ஆள் இடித்துத் தள்ளி விளையாடுகிற ஹாக்கி. இந்தியாவுக்குக் கிரிக்கெட் எப்படியோ கனடாவுக்கு இது அப்படி. அதிலும் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு இருக்கிற ரசிகர் கூட்டமும், அந்தக் கூட்டம் படுகிற பாடும் தனிக்கதை. லீஃப்ஸ் கடைசியாக ஸ்டான்லி கோப்பையை வென்றது 1967-ல். அந்த வருடம் பிறந்த குழந்தைகள் இப்போது ஓய்வூதியக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கோப்பை வராத ஊரில் விவாதத்துக்குப் பஞ்சமே இல்லை. யாரை வைத்துக்கொள்வது, யாரைத் தள்ளிவிடுவது, அடுத்த சீசன் தேறுமா தேறாதா... டிம் ஹார்ட்டன்ஸ் காபிக்கடையில் ஆரம்பித்து அலுவலக லிஃப்ட் வரைக்கும் இதே பேச்சுதான். (அந்தக் கடையைத் தொடங்கிய டிம் ஹார்ட்டனே 1967-ல் கோப்பை வென்ற லீஃப்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர். பேச இதைவிடப் பொருத்தமான இடம் ஏது!)

2025 கோடையில் இந்தப் பேச்சின் நடுவில் மாட்டிக்கொண்டவர் மிட்ச் மார்னர். பிறந்தது டொராண்டோவுக்குப் பக்கத்திலேயே, தமிழர்கள் நிறைய வாழும் மார்க்கம் நகரில். ஊர்ப்பையன். 2015-ல் இளம் வீரர்கள் தேர்வில் நான்காவது ஆளாக எடுக்கப்பட்டார். ஒன்பது சீசன்களில் 657 ஆட்டங்கள், 741 புள்ளிகள் (கோலும், கோல் போட உதவியதும் சேர்த்து). லீஃப்ஸின் நூறாண்டு கடந்த சரித்திரத்தில் அப்போது இது ஐந்தாவது அதிகமாக இருந்தது. இப்படிப்பட்டவர் 2025 ஜூன் 30 அன்று லாஸ் வேகாஸுக்குப் போனார். எட்டு வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 1.2 கோடி அமெரிக்க டாலர். பதிலுக்கு டொராண்டோவுக்குக் கிடைத்தது நிக்கோலா ரூவா என்ற ஒரே ஒரு நடுத்தர வீரர். ரசிகர்களில் பெரும்பகுதி சொன்னது என்ன தெரியுமா? "ஒழிந்தான், நல்லது."

ரசிகர்களின் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2017 முதல் 2025 வரை ஒன்பது வருடமும் லீஃப்ஸ் ப்ளே ஆஃபுக்குப் போனது. ஜெயித்தது இரண்டே இரண்டு சுற்று. இதைவிடக் கொடுமையான கணக்கு ஒன்று உண்டு. ஒரு சுற்றின் கடைசி ஆட்டத்தில், 'ஜெயித்தால் மேலே, தோற்றால் வீட்டுக்கு' என்ற நிலையில், 2019, 2020, 2021, 2022, 2024, 2025 என்று ஆறு முறை இந்த அணி இறங்கியது. ஆறிலும் தோல்வி. ஆறு ஆட்டத்திலும் சேர்த்து அடித்த கோல் ஐந்து! ஒரு ஆட்டத்தில்கூட இரண்டாவது கோல் விழவில்லை. 2025-ல் ஃப்ளோரிடாவுக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டங்களை வென்றுவிட்டு, பிறகு சொந்த ஊரிலேயே இரண்டு முறை 6-1 என்று தோற்றபோது, ஜெர்சியைக் கழற்றி ஐஸ் மேல் எறிந்தார்கள். எறிந்தவர்களைத் திட்ட மனசு வராது.

ஆனால் அந்தக் கோபம் எந்தப் பக்கம் திரும்பியது என்பதில்தான் கோளாறு. அது மார்னரின் ஆட்டத்தைவிட மார்னரின் சம்பளத்தின் மேல் திரும்பியது. "ஒரு கோடி டாலர் வாங்குகிறான், கோல் எங்கே?" இந்த ஒரு வரிதான் ஆறு வருடமாகத் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது.

இது புரிய அந்த லீகின் சம்பள உச்சவரம்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். 2004-05-ல் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் தகராறு முற்றி, முழு சீசனே ரத்தானது. ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. வீரர்கள் பணிந்த பிறகு வந்ததுதான் உச்சவரம்பு: ஒரு அணி தன் வீரர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இவ்வளவுக்கு மேல் சம்பளம் கொடுக்கக்கூடாது. முதல் வருடம் 3.9 கோடி டாலர். 2019-20-ல் 8.15 கோடி. ஐ.பி.எல். ஏலத்தில் பர்ஸில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று விரல்விட்டு எண்ணுகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வித்தியாசம் என்னவென்றால், அங்கே அந்த எண்ணிக்கை வருடம் முழுக்க ஓயாது.

லீஃப்ஸின் அப்போதைய மேலாளர் கைல் டூபாஸ் ஒரு சூதாட்டம் ஆடினார். 2018 ஜூலையில் ஜான் டவாரஸை வருடத்துக்கு 1.1 கோடிக்கு எடுத்தார். அடுத்த பதினான்கு மாதத்துக்குள் நீலாண்டர், மேத்யூஸ், மார்னர் மூவருக்கும் பெரிய ஒப்பந்தங்கள். நால்வருக்கும் சேர்த்து ஏறக்குறைய 4.05 கோடி. அதாவது மொத்த வரம்பில் பாதி. மீதிப் பாதியில் இன்னும் பத்தொன்பது பேரைத் தேற்ற வேண்டும். வரம்பு வருடாவருடம் ஏறும், பாரம் தானாகக் குறையும் என்பது கணக்கு. வந்தது கொரோனா. மூன்று சீசனுக்கு வரம்பு 8.15 கோடியிலேயே உறைந்து நின்றது. அதற்கடுத்த இரண்டு சீசனில் பத்துப் பத்து லட்சம்தான் ஏறியது.

விளைவு, நல்ல ஆட்கள் கழன்று போனார்கள். 2021-ல் சாக் ஹைமன் எட்மன்டனுக்குப் போனார். இவரும் டொராண்டோக்காரர்தான். அங்கே 2023-24-ல் 54 கோல் அடித்தார். பணம் இல்லாத இடத்தை அடைக்க எதிர்கால வாய்ப்புகளை அடகு வைத்தார்கள். 2021 ஏப்ரலில் நிக் ஃபொலீனோவுக்காக முதல் சுற்றுத் தேர்வு வாய்ப்பைக் கொடுத்தார்கள், அவர் அந்தக் கோடையிலேயே வேறு ஊருக்குப் போய்விட்டார். 2025 மார்ச்சில் கார்லோ, லாட்டன் என்று இருவருக்காக இன்னும் இரண்டு முதல் சுற்று வாய்ப்புகள் போயின. இந்த முடிவுகளில் ஒன்றைக்கூட மார்னர் எடுக்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். வேலைக்குப் போகிற எவனும் "எனக்கு இவ்வளவு வேண்டாம், குறைத்துக் கொடுங்கள்" என்று கேட்டதாகக் கேள்விப்பட்டதுண்டா?

"சரி, கடைசியில் சும்மா போனானே, அதற்கென்ன சொல்கிறாய்?" என்று கேட்பார்கள். 2025 மார்ச்சில் கரோலினாவுக்கு மாற்றிவிடப் பேச்சு நடந்தது, அவர் சம்மதிக்கவில்லை என்று செய்திகள் வந்தது உண்மை. ஆனால் அவர் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது என்ற ஷரத்தை ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்தது நிர்வாகம். அது அமலுக்கு வந்தது 2023 ஜூலை 1. அதற்கு ஆறு வாரம் முன்னால்தான் டூபாஸை அனுப்பிவிட்டு, புது மேலாளரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். டிரெலிவிங் வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாதத்தில் கதவு சாத்தப்பட்டுவிட்டது. எழுதிக்கொடுத்த உரிமையை ஒருவர் பயன்படுத்தினால் துரோகம் என்பது என்ன வழக்கு?

இது மார்னரோடு ஆரம்பித்த வழக்கமும் அல்ல. தொண்ணூறுகளில் லேரி மர்ஃபி என்ற தடுப்பாட்டக்காரர் பக்கைத் தொட்டாலே டொராண்டோ ரசிகர்கள் ஊளையிட்டார்கள். 1997 மார்ச்சில் டெட்ராய்ட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த வருடமும் அடுத்த வருடமும் டெட்ராய்ட் கோப்பை வென்றது, இரண்டிலும் மர்ஃபி இருந்தார். ஃபில் கெஸ்ஸல் கதை இன்னும் வேடிக்கை. சோம்பேறி, உடம்பைக் கவனிக்காதவன், ஹாட் டாக் தின்கிறவன் என்றெல்லாம் பத்திரிகையிலேயே எழுதினார்கள். 2015 ஜூலை 1 அன்று பிட்ஸ்பர்குக்கு அனுப்பினார்கள். 2016, 2017 இரண்டிலும் பிட்ஸ்பர்க் சாம்பியன். அனுப்பும்போது போட்ட ஒப்பந்தப்படி கெஸ்ஸலின் சம்பளத்தில் வருடத்துக்கு 12 லட்சம் டாலர் லீஃப்ஸ் கணக்கிலேயே நின்றது. பக்கத்து ஊர் கோப்பைக்கு டொராண்டோ மொய் எழுதியது என்று வைத்துக்கொள்ளலாம் :-)

மார்னர் விஷயத்தில் வேடிக்கை எல்லை தாண்டியது. ஃப்ளோரிடா தோல்விக்குப் பிறகு அவர் வீட்டு முகவரியை யாரோ இணையத்தில் போட்டுவிட, வீட்டுக்குக் காவல் வைக்க வேண்டியிருந்ததாக அவரே பிறகு சொன்னார். ப்ளே ஆஃபில் 70 ஆட்டத்தில் 63 புள்ளி எடுத்த ஆள்! கோல் 13தான், குறைவுதான், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அதற்காகவா?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உச்சவரம்பே அநியாயம் என்று சொல்வது சரியாக இருக்காது. அது வருவதற்கு முன் க்யூபெக்கும் வின்னிபெக்கும் பணம் கட்டுப்படியாகாமல் தங்கள் அணிகளை அமெரிக்காவுக்குப் பறிகொடுத்தன. பணத்தைக் கொட்டிய நியூயார்க் ரேஞ்சர்ஸோ 1998 முதல் 2004 வரை ஒருமுறைகூட ப்ளே ஆஃப் வாசலை மிதிக்கவில்லை. பணம் கொட்டினால் மட்டும் கோப்பை வராது, பணம் இல்லாவிட்டால் அணியே இருக்காது. சின்ன ஊர்களுக்கு உச்சவரம்பு ஒரு பாதுகாப்பு.

ஆனால் அது ரசிகனின் மூளைக்குள் செய்த வேலை வேறு. ரசிகனைக் கணக்குப்பிள்ளை ஆக்கிவிட்டது. முன்பெல்லாம் ஒரு வீரர் அதிகம் சம்பாதித்தால், "முதலாளி பணம், போகட்டும்" என்று இருந்தார்கள். இப்போது ஒருவர் வாங்குகிற ஒவ்வொரு டாலரும் இன்னொரு வீரரை வாங்க முடியாமல் செய்கிற டாலர். ஆக, சம்பளம் கேட்பவன் அணிக்கு எதிரி. குறைத்து வாங்குபவன் தியாகி.

இதில் முதலாளி எங்கே இருக்கிறார்? எங்கேயும் இல்லை! லீக் வருமானத்தில் வீரர்களுக்குப் பாதி, முதலாளிகளுக்குப் பாதி என்பது 2013 ஒப்பந்தத்திலிருந்து ஏற்பாடு. மார்னர் 1.2 கோடி வாங்கினாலும் 80 லட்சம் வாங்கினாலும் சண்டை வீரர்களின் பாதிக்குள்தான். மறு பாதியைப் பற்றி எந்த ரசிகரும் பேசுவதில்லை. டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு கிடையாது. அரங்கில் விற்கிற பீருக்கும் கிடையாது. பயிற்சியாளர், மேலாளர் சம்பளத்துக்கும் கிடையாது. பதினோரு வருடம் தலைவராக இருந்த பிரண்டன் ஷானஹனின் ஒப்பந்தத்தை 2025 மே மாதம் புதுப்பிக்காமல் விட்டார்கள், அது உண்மை. ஆனால் வீட்டு வாசலில் காவல் தேவைப்பட்டது மார்னருக்கு.

மார்னர் போன மறுநாள், 2025 ஜூலை 1, இன்னொரு பெரிய மாற்றமும் நடந்து முடிந்தது. லீஃப்ஸ் அணியை வைத்திருக்கும் நிறுவனத்தில் பெல் கம்பெனியின் 37.5 சதவீதப் பங்கை ராஜர்ஸ் கம்பெனி 470 கோடி கனடிய டாலருக்கு வாங்கியது. இதோடு ராஜர்ஸின் பங்கு 75 சதவீதம். அணி 58 வருடமாகக் கோப்பை வெல்லாமலேயே விலை அவ்வளவு ஏறியிருக்கிறது. அந்தத் தொகை மார்னரின் வருடச் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்று எந்த ரசிகரும் விரல்விட்டு எண்ணியதாகத் தெரியவில்லை.

அவர்கள் எண்ணியது வேறு. அதே கோடையில் ஜான் டவாரஸ் புது ஒப்பந்தம் போட்டார். 1.1 கோடி வாங்கிக்கொண்டிருந்தவர், வருடத்துக்கு 43.8 லட்சத்துக்கு நான்கு வருடம் இருக்கச் சம்மதித்தார். ஊரே கைதட்டியது. இதுவல்லவா விசுவாசம், மார்னர் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்றார்கள். மிச்சமான 66 லட்சத்தில் யாரை வாங்கலாம் என்று மறுநாளே பட்டியல் தயார். மச்செல்லி வந்தார், ஜோஷுவா வந்தார், அடுத்த சீசன் தேறும் என்று ஒரு கட்சி, தேறாது என்று ஒரு கட்சி. கூடவே மெதுவாக இன்னொரு கேள்வியும் கிளம்பியது: கேப்டன் மேத்யூஸ் 1.325 கோடி வாங்குகிறாரே, 2023-24-ல் 69 கோல் அடித்தவர் 2024-25-ல் ஏன் 33-ல் நின்றார்?