வித்தது விளைச்சலா, மண்ணா?

பக்கத்து வயல் அண்ணன் இந்தக் கோடையில் ஒரு ஏக்கர் மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு வித்துட்டார். "மூணு வருஷ வெள்ளாமையில பார்க்காத காசு தம்பி, ஒரே வாரத்துல பார்த்துட்டேன்" என்றார். கடன் நெருக்கும் மனுசனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் கையில் இருப்பது வருமானம் இல்லை, முதல்.

ஒரு நாடே இப்படிச் செய்திருக்கிறது. பசிபிக் கடலில் உள்ள நவுரு தீவின் பரப்பு 21 சதுர கிலோமீட்டர்தான். அங்கிருந்த பாஸ்பேட் பாறையை 1907 முதல் அந்நியர்கள் வெட்டி எடுத்தார்கள். அது ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நிலங்களுக்கு உரமாகப் போனது. 1968இல் விடுதலை பெற்ற பிறகு நவுருவே வெட்டி விற்றது. 1970களில் தனிநபர் வருமானத்தில் உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றாக இருந்தது. பிறகு பாறை தீர்ந்தது. சேர்த்து வைத்த நிதியும் தவறான முதலீடுகளில் கரைந்தது. இன்று தீவின் பெரும்பகுதி பயிர் வைக்க முடியாத சுண்ணாம்புப் பாறைக் கூர்கள். சாப்பாட்டுப் பொருளில் பெரும்பாலும் கப்பலில்தான் வருது.

உற்பத்திக்கு நிலம், உழைப்பு, மூலதனம் வேண்டும் என்று பொருளாதாரப் பாடம் சொல்லுது. ஆனால் மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் வெட்டி விற்ற பாறை வரவு. குறைந்துபோன நிலத்துக்குச் செலவு எழுத அங்கே இடமே இல்லை. நவுரு காகிதத்தில் பணக்காரன் ஆனது, நிலத்தை இழந்துகொண்டிருந்த அதே நாளில்தான்.

நம்ம கணக்கும் அப்படித்தான். நெல் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி வைக்கோலில் இருக்கு. வைக்கோலைக் கட்டுக் கட்டி வெளியூருக்கு அனுப்பிட்டு, பொட்டாஷ் மூட்டை வாங்கப் போறோம். அந்தப் பொட்டாஷுக்கு இந்தியா அநேகமாக முழுவதும் இறக்குமதியை நம்பியிருக்கு. விற்பனை, இறக்குமதி, லாரி வாடகை எல்லாம் நாட்டுக் கணக்கில் ஏறும். தன் வைக்கோலை மாட்டுக்குப் போட்டு, எருவை வயலுக்கே திருப்பும் உழவரின் வேலையை யார் எழுதுறாங்க?

பாறை திரும்ப வளராது. மண் வளரும். அதுக்குத் தேவை உழைப்பும் அறிவும். அது நம்மகிட்ட இருக்கு. உரத்துக்கு மானியம் கொடுக்கும் அரசு, மண் வளர்ப்பவருக்கும் கொடுக்கட்டும் என்று கேட்போம். அதுவரை நம்ம வரவு செலவு நோட்டில் ஒரு பக்கம் கூட்டுவோம்: இந்தப் போகத்தில் வயலை விட்டு என்ன போச்சு, என்ன திரும்பி வந்தது?

ஆவணி பிறந்ததும் அண்ணன் வயலுக்குப் பலதானிய விதை கொண்டு போகப் போறேன். கிடை போடவும் சொல்லியிருக்கேன். வித்த ஒரு வாரத்தை ஈடுகட்டப் பல வருஷம் ஆகும். ஆனாலும் ஆரம்பிக்கணும்ல.