ஏட்டுச் சட்டமும் எழுந்த மக்களும்

குடியாட்சி என்பது ஆள்வோர் தாளில் எழுதி மக்கட்கு வழங்கத்தக்க கொடைப்பொருள் அன்று. ஆளக் கற்ற மக்கள் இருந்தாலன்றி, எத்துணைச் சிறந்த அரசியற்சட்டமும் ஏட்டுச் சுரைக்காயே. இதனை ஐயந்திரிபற உணர விழைவோர், ஐரோப்பாவின் வடபால் உள்ள டென்மார்க்கு நாட்டின் வரலாற்றை ஊன்றிப் பயிலல் வேண்டும்.

1660 முதல் அந்நாட்டில் மன்னர் வைத்ததே சட்டமாக இருந்தது. 1814இல் கட்டாயக் கல்வி வந்தது. உழவர் மக்களும் எழுத்தறிந்தனர். ஆயினும் எழுத்தறிவு வேறு, அரசியலறிவு வேறு. உயர்கல்வி இலத்தீனில் அடைபட்டிருந்தது; அரண்மனையிலும் படையிலும் நெடுங்காலம் செருமானியமே கோலோச்சியிருந்தது. 1835இல் மன்னருக்கு அறிவுரை கூறும் பேரவைகள் கூடத் தொடங்கின. அவற்றிற் பங்குகொள்ளும் ஆற்றலைப் பொதுமக்கட்கு ஊட்டவல்ல தாய்மொழிப் பள்ளிகள் வேண்டுமென்று வற்புறுத்தினார் இறையியல் அறிஞர் கிரண்டுவிக்.

அவர் எண்ணத்தின் வழியே, 1844இல் உரோடிங் என்னும் ஊரில் முதல் மக்கள் உயர்பள்ளி எழுந்தது. தேனிய மொழியும் செருமானியமும் மோதிய எல்லைப்பகுதி அது. 1851இல் செருப்புத் தைப்பவர் மகனான கிறித்தன் கோல்டு மற்றொரு பள்ளியை நிறுவினார். இப்பள்ளிகளில் தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. பண்ணைவேலை குறைந்த குளிர்காலத்தில் உழவ இளைஞர் அங்குத் தங்கி, தம் மொழியையும் நாட்டு வரலாற்றையும் ஆசிரியர் வாய்மொழியாகவே கற்றனர்.

1849 சூன் 5ஆம் நாள் அந்நாட்டுக்கு அரசியற்சட்டம் கிடைத்தது. அந்நாளில் இத்தகைய பள்ளிகள் மிகச் சிலவே. ஐரோப்பா முழுதும் எழுந்த 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியன்றோ அதனைத் தந்தது என்று வினவுவர் சிலர். உண்மையே. கிளர்ச்சி சட்டத்தைத் தந்தது. அதனைக் காத்தது கல்வி.

எங்ஙனமெனில், 1866இல் சட்டம் திருத்தப்பெற்று, மேலவை பெருநிலக்கிழார் கைக்குட்பட்டது. 1875இல் தலைமையமைச்சரான எசுத்துரூப், கீழவைப் பெரும்பான்மையோர் எதிர்த்தும் 1894 வரை பதவியில் நிலைத்தார். 1885 முதல் அவ்வவையின் ஒப்புதலின்றியே இடைக்காலச் சட்டங்களால் வரவுசெலவுத் திட்டத்தையும் நடத்தினார். ஆனால், 1864ஆம் ஆண்டுப் போர்த்தோல்விக்குப் பின் ஊர்ப்புறமெங்கும் பரவிய பள்ளிகள் அதற்குள் ஒரு தலைமுறையை ஆக்கியிருந்தன. 1882இல் தொடங்கிய கூட்டுறவுப் பாற்பண்ணைகளில், மாடுகளை எண்ணாமல் ஆட்களை எண்ணி வாக்களித்துப் பழகியவர் அவ்வுழவர். தேர்தல்தோறும் தம் கட்சியினரையே கீழவைக்கு அனுப்பினர். 1901இல் மன்னர் இணங்கினார். கீழவைப் பெரும்பான்மைக்குரிய அமைச்சரவை அமைந்தது. அதிற் கல்வியமைச்சரானவர் கிறித்தென்சன் என்னும் நாட்டுப்புறப் பள்ளியாசிரியர். 1905இல் அவரே தலைமையமைச்சருமானார்!

சட்டம் எழுதப்பெற்றதற்கும் அஃது உயிர்பெற்றதற்கும் இடையே ஐம்பத்திரண்டு ஆண்டுகள். அவ்விடைவெளியை நிரப்பியது தாய்மொழிவழி அரசியற்கல்வியே. குடிமையியலைத் தேர்வுக்கு நெட்டுருப் போட்டு மறக்கும் பாடமாக்கிய நாடுகள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். வாக்குச்சீட்டைக் கையிற் கொடுப்பது ஒருநாள் வேலை. அதனை ஆளும் அறிவைக் கொடுப்பது ஒரு தலைமுறைப் பணி. அப்பணியை ஆசிரியர் செய்யாவிடின், வேறு எவர் செய்வார்?